புல்லட் ஹெட்டை வீட்டிலேயே போர்ட்டிங் செய்வது: எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது

கேள்வி இதுதான்: "என்னிடம் பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட் 350 இருக்கிறது. வால்வு வேலைக்காக ஹெட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன். ஒரு டை கிரைண்டர் வாங்கி இன்டேக், எக்ஸாஸ்ட் போர்ட்டுகளை நானே பெரிதாக்கினால் பவர் கூடுமா? எப்படிச் செய்ய வேண்டும்?"

செய்யலாம். பொறுமை இருந்தால் வீட்டிலேயே நன்றாகவும் செய்யலாம். ஹெட் என்பது சிலிண்டரின் மேல்மூடி; அதற்குள் காற்று வரும் வழி இன்டேக் போர்ட், புகை போகும் வழி எக்ஸாஸ்ட் போர்ட். அந்த வழிகளைச் செதுக்கிச் சரிசெய்வதுதான் போர்ட்டிங். ஆனால் "பெரிதாக்கினால்" என்ற சொல்லை மட்டும் முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். போர்ட்டிங் என்றாலே ஓட்டையைப் பெரிதாக்குவது என்று நினைத்துத்தான் நல்ல ஹெட்டுகள் பல வீணாகின்றன. இந்த வேலையில் மாற்ற வேண்டியது வடிவத்தை. அளவைக் கூடியவரை தொடக் கூடாது.

ஏன் என்பதற்கு உங்கள் வண்டியின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். புல்லட் 350-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. கொள்ளளவு 346 சிசி. கம்பெனி சொன்ன 18 குதிரைத்திறன் ஏறக்குறைய 5,600 ஆர்பிஎம்மில் வருகிறது. 5,500 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு பிஸ்டன் 90 மி.மீ. இறங்கி 90 மி.மீ. ஏறுகிறது, அதன் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். பிஸ்டன் இழுக்கும் காற்று முழுவதும் 24 மி.மீ. கார்புரேட்டர் வழியாகத்தான் வர வேண்டும். போரின் பரப்பு அந்த 24 மி.மீ. வாயின் பரப்பைப் போல எட்டரை மடங்கு. ஆகவே கார்புரேட்டரில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 140 மீட்டர். பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது அதன் வேகம் சராசரியைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு, அந்தக் கணத்தில் காற்று 220 மீட்டரைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒலியின் வேகமே 340-தான். அதில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும்போது காற்று முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும்.

அதாவது, உச்ச வேகத்தில் உங்கள் இஞ்சினின் குறுகிய வாசல் கார்புரேட்டர்தான். அந்த வாசலை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் கூடத்தை அகலப்படுத்துவதால் என்ன கிடைக்கும்? உதாரணத்துக்கு, 26 மி.மீ. போர்ட்டை 30 ஆக்கினால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். போர்ட்டுக்குள் காற்றின் வேகம் கால் பங்கு குறையும். இந்த வேகம் வீணான ஒன்றல்ல. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கிறது. வேகமாக வரும் காற்று தன் உந்துதலால் அப்போதும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். மெதுவாக வரும் காற்றைப் பிஸ்டன் திருப்பித் தள்ளிவிடும். பெட்ரோலும் வேகமான காற்றில்தான் நன்றாகச் சிதறி மிதக்கும். மெதுவான காற்றில் போர்ட்டின் தரையில் படிந்து ஓடும். புல்லட்டை நாம் பெரும்பாலும் 2,500, 3,000 ஆர்பிஎம்மில்தான் ஓட்டுகிறோம். பெரிய போர்ட் கெடுப்பது சரியாக அந்த இடத்தைத்தான்.

நான் முதன்முதலில் செய்த ஹெட்டில் நடந்ததும் அதுவே. போர்ட்டின் தரையை இரண்டு மி.மீ.க்கு மேல் இறக்கி, உள்ளே முகம் பார்க்கும் அளவுக்கு பாலிஷ் போட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, சத்தமும் நன்றாக இருந்தது. ஆனால் மூன்றாவது கியரில் மெதுவாக மேடு ஏறும்போது முன்பு இருந்த இழுவை போயிருந்தது. வெட்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியில் வேறு ஹெட் தேடிப் போட வேண்டியதாயிற்று.

சரி, அப்படியானால் காற்று உண்மையில் எங்கே கஷ்டப்படுகிறது? ஹெட்டைக் கையில் எடுத்து, கார்புரேட்டர் பக்கத்திலிருந்து விரலை உள்ளே விடுங்கள். முதலில் ஏறக்குறைய நேரான குழாய். இங்கே பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. அப்புறம் குழாய் வால்வை நோக்கித் திரும்புகிறது. திரும்பும் இடத்தில் வெளிவளைவு பெரிதாகவும் உள்வளைவு சிறிதாகவும் இருக்கும். அந்த உள்வளைவுதான் போர்ட்டிலேயே கடினமான இடம். வேகமாக வரும் காற்றால் சட்டென்று திரும்ப முடியாது. வளைவு கூர்மையாக இருந்தால் காற்று சுவரை விட்டு விலகி, அங்கே ஒரு சுழலை உண்டாக்கிவிட்டு எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போகும். வால்வின் ஒரு பாதி வழியாக மட்டும் காற்று போகும். மறுபாதி சும்மா இருக்கும். திருப்பத்தைத் தாண்டினால் வால்வின் தண்டு நகரும் குழாயான வால்வு கைடு நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி வார்ப்பில் ஒரு மேடு இருக்கும். அதற்கும் அப்பால் கிண்ணம் போன்ற இடம், அதன் முடிவில் தொண்டை, அதன் பிறகு வால்வு அமரும் வளையமான சீட். (வார்ப்பிரும்பு இஞ்சின் என்றாலும் இரும்பு சிலிண்டர்தான், ஹெட் அலுமினியம்.) சீட் வளையம் அலுமினியத்தோடு சேரும் இடத்தில் விரலில் ஒரு படி தட்டுப்படும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்து எடுத்த ஹெட்டில் இந்தப் படி கட்டாயம் இருக்கும்.

இந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் உங்கள் வேலை முழுவதும் இருக்கிறது.

இதையும் எண்களில் சொல்கிறேன். 36 மி.மீ. வால்வு ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வால்வு திறக்கும்போது அதன் விளிம்பைச் சுற்றி ஒரு வளைய இடைவெளி உண்டாகிறது. அதன் பரப்பு, வால்வின் சுற்றளவை அது திறந்த உயரத்தால் பெருக்கினால் கிடைக்கும். 2 மி.மீ. திறந்தால் 226 சதுர மி.மீ. 4 மி.மீ. திறந்தால் 452. தொண்டை 31.5 மி.மீ. என்று வைத்து, நடுவில் நிற்கும் 8 மி.மீ. தண்டைக் கழித்தால், தொண்டையின் பரப்பு சுமார் 730. வால்வு ஏறக்குறைய ஆறரை மி.மீ. திறக்கும்வரை, போகும் பாதையில் மிகக் குறுகிய இடம் சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள அந்த இடுக்குதான். போர்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதுவரை எந்தப் பயனும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: வால்வு முழு உயரத்தை ஒரு தடவைதான் தொடுகிறது. சிறிய உயரங்களையோ திறக்கும்போது ஒரு தடவையும் மூடும்போது ஒரு தடவையும் கடக்கிறது. ஆகவே சீட் வேலையைச் சரியாகச் செய்யாமல் போர்ட்டில் எவ்வளவு உழைத்தாலும் அந்த உழைப்பு வீண்.

காற்றை அளந்து பார்க்காமல் ஹெட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக். 1920-களிலேயே ஹெட்டின் வழியாகப் போகும் காற்றை அளக்கும் கருவியை வைத்து வேலை செய்தார். 1948-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே இஞ்சினின் ஹெட்டில் அவருடைய கைவண்ணம் உண்டு. கண்ணுக்கு அழகாகத் தெரியும் போர்ட் காற்றுக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, அளந்தால்தான் தெரியும். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

இனி செய்முறைக்கு வருகிறேன். வரிசை மாறினால் வேலை கெடும், அதனால் வரிசையை முதலில் சொல்கிறேன். முதலில் கைடு. வால்வைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கைடை மாற்றிவிட வேண்டும். சீட் வெட்டும் கருவி கைடின் ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் சுழல்கிறது. கைடு தேய்ந்திருந்தால் சீட் மையம் விலகி வெட்டப்படும். கைடு சரியான பிறகு போர்ட்டில் முரட்டு வேலை. அதற்குப் பிறகு சீட் வெட்டுவது. சீட் வெட்டிய பிறகு, அதற்குக் கீழே உள்ள பகுதியைக் கையால் இழைத்துக் கிண்ணத்தோடு சேர்ப்பது. கடைசியில் பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டோடு தேய்த்துப் படியவைக்கும் லேப்பிங். பலர் சீட்டை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் கிரைண்டரை உள்ளே விடுகிறார்கள். கிரைண்டரின் வெட்டும் முனையான பர் ஒரு தடவை வழுக்கினால் புதுச் சீட்டில் கோடு விழுந்துவிடும்.

சீட் வெட்டுவதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். நல்ல கருவி உள்ள இஞ்சின் பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று கோணம் கேளுங்கள்: வால்வு அமரும் முகம் 45 டிகிரி, அதற்கு வெளியே, எரியறைப் பக்கம் 30, உள்ளே தொண்டைப் பக்கம் 60. இப்படி வெட்டும்போது காற்று ஒரே முனையில் திடீரென்று திரும்பாமல் படிப்படியாகத் திரும்புகிறது. அமரும் முகத்தின் அகலம் இன்டேக்கில் 1 முதல் 1.5 மி.மீ. வரை, எக்ஸாஸ்ட்டில் 1.5 முதல் 2 மி.மீ. வரை இருக்கட்டும். எக்ஸாஸ்ட்டுக்கு அகலம் கூடுதலாக வேண்டும். அந்த வால்வின் சூடு வெளியேற முக்கிய வழி சீட்டில் அமர்ந்திருக்கும் நேரம்தான். குறுகலாக வெட்டினால் வால்வு கருகிவிடும். தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் நின்றால் போதும். அதற்கு மேல் திறந்தால் சீட்டுக்குக் கீழே வளைவு கொடுக்க உலோகம் மிஞ்சாது.

ஒன்றை மறக்காமல் பாருங்கள். சீட்டை ஒவ்வொரு முறை வெட்டும்போதும் வால்வு கொஞ்சம் உள்ளே புதைகிறது. புதைந்தால் தண்டு மறுபக்கம் மேலே ஏறும், ஸ்பிரிங் தளரும். ஸ்பிரிங்குக்கு அடியில் தேவையான கனத்துக்கு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டுப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிகம் புதைந்துவிட்டால் வால்வின் விளிம்பை எரியறைச் சுவர் மறைக்கும். சிறிய உயரங்களில் காற்று குறையும். அப்படிப்பட்ட ஹெட்டுக்குப் புதுச் சீட் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். சென்னையில் இருந்தால் புதுப்பேட்டைக்குப் போங்கள். வேறு ஊர் என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். விரிசல் விட்ட, யாருக்கும் உதவாத ஒரு புல்லட் ஹெட்டை எடைக்கு வாங்குங்கள். அதை இன்டேக் போர்ட்டின் நடுவாக இரண்டாக அறுங்கள். சுவர் எங்கே கனமாக இருக்கிறது, எங்கே மெலிந்து ஓடுகிறது, புஷ்ராட் (வால்வைத் திறக்க உதவும் தள்ளுகம்பி) போகும் வழி எவ்வளவு கிட்டே வருகிறது, ராக்கர் பாக்ஸ் ஸ்டட் இறங்கும் ஓட்டை எங்கே முடிகிறது, எல்லாம் கண்ணால் தெரியும். அறுத்த மறுபாதியில் பர் பிடித்துப் பழகலாம். இரண்டு மணி நேரம் அந்தத் துண்டில் செலவழித்தவர் நல்ல ஹெட்டில் ஓட்டை போட மாட்டார். அலுமினியச் சுவர் உடைந்து ஓட்டை விழுந்தால் டிக் வெல்டிங்கில் அடைக்கலாம்தான். ஆனால் அந்தச் சூட்டில் ஹெட் முகம் வளையும், சீட் தளரும். ஒரு சிறு ஓட்டைக்காக ஹெட் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். வேகத்தைக் குறைக்கக்கூடிய எலக்ட்ரிக் டை கிரைண்டர். 6 மி.மீ. ஷாங்க் (பிடிக்கும் தண்டு) உள்ள கார்பைடு பர் இரண்டு: ஒன்று உருண்டை முனையுள்ள உருளை, இன்னொன்று முட்டை வடிவம். அலுமினியத்துக்கென்றே விற்கும் பெரிய பல் பர்ரை வாங்குங்கள். இரும்புக்கான சிறு பல் பர்ரில் அலுமினியம் அப்பிக்கொண்டு நிமிடத்தில் வழுவழுவென்று ஆகிவிடும். பெரிய பல்லிலும் அப்பும். அடிக்கடி சுழலும் பர்ரை மெழுகுவத்தியில் தொட்டு எடுத்தால் அப்பாது. மண்ணெண்ணெய் தொட்டுச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரும்புச் சீட்டில் பர் பட்டால் பொறி பறக்கும் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

நீளமான ஷாங்க் உள்ள பர் வைத்திருந்தால் கவனம். அதை வெளியே வெறுங்காற்றில் முழு வேகத்தில் சுழலவிட்டால் ஷாங்க் வளைந்து சாட்டை போல அடிக்கும், கையைக் கிழித்துவிடும். முனையைப் போர்ட்டுக்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், சுற்றுவது நின்ற பிறகே வெளியே எடுங்கள். கண்ணாடி, முகமூடி இரண்டும் கட்டாயம். துணிக் கையுறை வேண்டாம். சுழலும் பர்ரில் நூல் சிக்கினால் விரலோடு இழுக்கும்.

சீட்டைக் காப்பாற்ற ஒரு பழைய வால்வை எடுத்து, அதன் விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கி, சீட்டின் மேல் அமர்த்தி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். போர்ட்டுக்குள் மார்க்கரால் முழுவதும் நீலம் பூசுங்கள். பர் தொட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

முதலில் வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகளையும் மணல் திட்டுகளையும் மட்டும் எடுங்கள். அடுத்தது சீட் வளையத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உள்ள படி. அதை விரலில் தட்டுப்படாத அளவுக்கு இழையுங்கள். அதற்குப் பிறகு கைடைச் சுற்றியுள்ள மேடு. இதை முழுவதும் வெட்டித் தள்ள வேண்டாம்; கைடுக்குத் தாங்கலும் குளிர்ச்சியும் அதிலிருந்துதான் கிடைக்கின்றன. காற்று வரும் திசையில் முன்பக்கம் வட்டமாக, பின்பக்கம் மெலிந்து முடியும்படி, மீனின் உடம்பு மாதிரி செதுக்குங்கள். பக்கவாட்டுச் சதையை மட்டும் குறைத்தால் போதும்.

அடுத்தது உள்வளைவு. இங்கே ஒரு மி.மீ. எடுப்பதற்கும் யோசியுங்கள். கூர்முனையை வட்டமாக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானோர் செய்யும் தவறு, வளைவைத் தாழ்த்துவதற்காக, அந்த உள்வளைவு இருக்கும் பக்கமான தரையை வெட்டுவது. தரையை வெட்டினால் காற்று திரும்ப வேண்டிய கோணம் இன்னும் கூர்மையாகிவிடும். உலோகம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கூரைப் பக்கமும் பக்கவாட்டிலும் எடுங்கள். அட்டையில் ஒரு வளைவை வெட்டி வைத்துக்கொண்டு அடிக்கடி உள்ளே வைத்துப் பார்த்தால் எங்கே போகிறோம் என்பது தெரியும். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும்.

கார்புரேட்டர் பக்கத்து வாயில், இடையில் வரும் இணைப்பின் ஓட்டையும் போர்ட்டின் ஓட்டையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கேஸ்கெட்டை வைத்துக் கோடு போட்டு, அது வரைக்கும் வெட்டுவது பலருடைய வழக்கம். கேஸ்கெட்டின் ஓட்டை பெரும்பாலும் தேவையைவிடப் பெரிதாக இருக்கும். அதை அளவாக எடுக்காதீர்கள். இணைப்பின் ஓட்டையைத்தான் அளவாக எடுக்க வேண்டும். துல்லியமாகப் பொருந்தாவிட்டால், காற்று போகும் திசையில் அடுத்த ஓட்டை மயிரிழை பெரிதாக இருக்கட்டும். காற்று விளிம்பில் முட்டக் கூடாது.

எக்ஸாஸ்ட் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே வாயு தன் அழுத்தத்தில் தானே வெளியேறுகிறது. இன்டேக்கில் போகும் அளவில் முக்கால் பங்கு போனாலே போதும். கரியைச் சுரண்டி எடுங்கள், சீட் படியை இழையுங்கள், கைடு மேட்டைக் கொஞ்சம் செதுக்குங்கள். பைப்பின் உள்விட்டம் போர்ட் வாயைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது. திரும்பி வரும் அழுத்த அலையை அந்தப் படி கொஞ்சம் தடுக்கும். இங்கே வேண்டுமானால் பளபளவென்று பாலிஷ் போடுங்கள், கரி லேசில் ஒட்டாது. இன்டேக்கில் வேண்டாம். 80 அல்லது 100 நம்பர் எமரியோடு நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போன்ற சுவரில் பெட்ரோல் படலமாக ஒட்டி ஓடும். எமரி விட்ட நுண்ணிய சொரசொரப்பு அந்தப் படலத்தைக் கலைத்துக் காற்றோடு சேர்க்க உதவும். காற்றின் அளவில் இந்த இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது.

எரியறையில் கூர்முனைகளை மட்டும் மழுக்குங்கள். அங்கே எடுக்கும் ஒவ்வொரு சிசி உலோகமும் கம்ப்ரெஷனைக் குறைக்கும். ஏற்கெனவே கம்ப்ரெஷன் குறைவான இஞ்சின் இது.

அப்புறம் அளப்பது. இது இல்லாமல் வேலை முடியாது என்று நான் நினைக்கிறேன், செலவும் அதிகமில்லை. இரண்டு பழைய வேக்குவம் கிளீனர் மோட்டார்கள், காற்று கசியாத ஒரு பிளைவுட் பெட்டி, 70 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்த் துண்டு, தெளிவான பிளாஸ்டிக் டியூப், வண்ணம் கலந்த தண்ணீர். குழாய்த் துண்டைப் பெட்டியின் மேல் பொருத்தி, சிலிண்டர் மாதிரி அதன் மேல் ஹெட்டை வையுங்கள். வால்வை ஒரு போல்ட்டால் தள்ளி, டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு மி.மீ. ஆகத் திறக்கலாம். போர்ட்டின் வாயில் களிமண்ணால் ஒரு வட்ட உதடு செய்து வையுங்கள், இல்லாவிட்டால் கூர்விளிம்பே அளவைக் கெடுத்துவிடும். யூ வடிவ டியூபின் இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்த வித்தியாசம். பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே, அளவு தெரிந்த ஒரு வட்ட ஓட்டையுள்ள தகட்டை வைத்து, அதன் இரு பக்க வித்தியாசத்தை இன்னொரு டியூபில் பார்த்தால் போகும் காற்றின் அளவைக் கணக்கிடலாம்.

தொழில்முறைப் பட்டறைகளில் 28 அங்குலத் தண்ணீர் அழுத்தத்தில் அளப்பது வழக்கம். வீட்டு மோட்டார்களுக்கு அது கஷ்டம். 10 அங்குலத்தில் அளக்கலாம். காற்றின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 10 அங்குல எண்ணை 1.67-ஆல் பெருக்கினால் 28 அங்குல எண் கிடைக்கும். வீட்டுப் பெட்டியின் எண்ணை வேறு யாருடைய எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். நேற்று வந்த எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுங்கள், அது போதும். வேலை தொடங்கும் முன்பே ஒரு தடவை அளந்து எழுதி வைத்துவிடுங்கள். நான் பார்த்தவரை, சீட் வேலையும் கிண்ணத்தை இழைப்பதும் முடிந்தவுடனேயே பெரும்பகுதி முன்னேற்றம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் போர்ட்டில் மணிக்கணக்காக உழைத்தாலும் எண் அசைவதில்லை. அந்த இடத்தில் கிரைண்டரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

மெல்லிய கம்பியின் நுனியில் ஒரு இழை நூலைக் கட்டி, காற்று ஓடும்போது போர்ட்டுக்குள் நீட்டிப் பாருங்கள். காற்று சுவரோடு ஒட்டிப் போகும் இடத்தில் நூல் நேராக நிற்கும். பிரிந்து சுழலும் இடத்தில் துடிக்கும், சில சமயம் பின்னோக்கியே திரும்பும். உள்வளைவில் துடித்த நூல், கொஞ்சம் வட்டமாக்கிய பிறகு அடங்கி நிற்பதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு பேசிவிட்டது போல இருந்தது.

பவர் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். அதே 24 மி.மீ. கார்புரேட்டரும் அதே சைலன்சரும் இருக்கும்போது, ஒன்றிரண்டு குதிரைத்திறன் கூடினால் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓட்டும்போது தெரிவது பவர் எண்ணைவிட, நடு வேகத்தில் வண்டி லேசாக இழுப்பதும் மேட்டில் கியர் குறைக்க வேண்டிய தேவை குறைவதும்தான். இன்னும் வேண்டும் என்றால் அடுத்த படி கார்புரேட்டர். புல்லட் 500-இல் இருந்த 28 மி.மீ. அளவை 350-இல் போட்டால், மேலே சொன்ன 140 மீட்டர் 103 ஆகக் குறையும். உச்ச வேகத்தில் மூச்சு நன்றாக வாங்கும். ஆனால் ஐடிலிங்கும் தாழ்ந்த வேகமும் சரியாக வர, ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையோடு) பல நாள் போராட வேண்டும். 26 மி.மீ. கிடைத்தால் தினசரி ஓட்டத்துக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும் ஹெட்டையும் கார்புரேட்டரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது.

ஹெட் நன்றாக மூச்சு விட்டாலும் இஞ்சினை முன்பைவிட வேகமாகச் சுற்ற வைக்காதீர்கள். இந்தப் பழைய புல்லட்டின் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில் இருப்பது) உருளைகள் இல்லாத மிதக்கும் புஷ். எண்ணெய் போதுமான அளவு வரும்வரைதான் அது தாங்கும். தொடர்ந்து உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டினால் ஹெட்டுக்குச் செய்த செலவைப்போலப் பல மடங்கு கிராங்குக்குச் செய்ய வேண்டிவரும்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நண்பர்களும் "போர்ட்டிங்" என்றே சொல்வார்கள். அது வேறு வேலை. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள ஜன்னல்களே வால்வு. அங்கே ஜன்னலின் உயரத்தை ஒரு மி.மீ. மாற்றினாலும் திறக்கும் நேரமே மாறிவிடும். இங்கே சொன்னதை அங்கே செய்து பார்க்க வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் ஹெட்டைச் சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் போட்டுப் பிரஷ்ஷால் நன்றாகக் கழுவுங்கள். கைடு ஓட்டை, எண்ணெய் வழி, ஸ்டட் ஓட்டை எல்லாவற்றிலும் காற்று அடியுங்கள். எமரித் துகளோ லேப்பிங் பேஸ்ட்டோ ஒரு துளி உள்ளே தங்கினாலும் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். வால்வுகளை மாட்டிய பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, எரியறையில் பெட்ரோல் ஊற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். போர்ட் பக்கம் ஈரம் கசியக் கூடாது. ஹெட் நட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள்.

டேப்பெட்டை (வால்வுக்கு விடும் இடைவெளியை) இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். புஷ்ராட் விரலால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. காற்று கூடினால் கலவை மெலியும், அதனால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நல்ல சூட்டில் முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள்; காய்ந்த செங்கல் நிறத்துக்கு வந்தால் சரி. அந்தச் சோதனையை ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 200 கிலோமீட்டருக்குள் ஹெட் நட்டுகளையும் டேப்பெட்டையும் திரும்பப் பார்த்துவிடுங்கள். புதுச் சீட் படிய ஆரம்பித்ததும் எக்ஸாஸ்ட் டேப்பெட் கொஞ்சம் இறுகுவது சாதாரணம், ஒரு தடவை சரிசெய்தால் நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும் இறுகிக்கொண்டே போனால் சீட் தேய்கிறது அல்லது அமரும் முகம் குறுகலாக வெட்டப்பட்டிருக்கிறது. அப்போது மேலும் ஓட்டாமல் ஹெட்டைக் கழற்றி, சீட் வெட்டிய பட்டறைக்கே எடுத்துப் போங்கள்.